மத்தாப்பு நிறமும் 16 இலக்க எண்ணும்

கம்ப்யூட்டர் கணக்கில் தவறு செய்யாது என்று நம்பித்தான் நாம் எல்லாரும் அதை வாங்குகிறோம். ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போமா? எக்ஸெல் தொகுப்பைத் திறந்து, ஏ1 செல்லில் 2466061413187035 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். செல்லில் 2.46606 என்று தொடங்கிச் சுருக்கமாக ஏதோ தெரியும். அதை விட்டுவிடுங்கள். மீண்டும் அந்த செல்லைக் கிளிக் செய்து, மேலே உள்ள ஃபார்முலா பாரைப் பாருங்கள். 2466061413187030 என இருக்கும். கடைசியாக நீங்கள் தட்டிய 5 காணாமல் போய், அந்த இடத்தில் 0 உட்கார்ந்திருக்கும்.

வைரஸ் எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். 16ஆவது இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். டெபிட் கார்டு எண்ணை எக்ஸெலில் டைப் செய்து பார்த்தவர்களுக்கு இது பழகிய தொல்லை. (கார்டு எண்ணை அப்படி எழுதி வைக்காமல் இருப்பதே நல்லது என்பது வேறு விஷயம்.) வீட்டு பட்ஜெட்டுக்கும் கடைக் கணக்குக்கும் 15 இலக்கங்கள் தாராளம்.

ஆனால் மேலே தந்த எண் நான் இஷ்டத்துக்குத் தட்டியது அல்ல. அது ஹைட்ரஜன் அணுவின் எண். ஜெர்மனியில் ம்யூனிக் நகருக்குப் பக்கத்தில் கார்ச்சிங் என்ற ஊரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தார் 2011இல் வெளியிட்டது. ஹைட்ரஜன் அணுவை அதன் அடி நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏற்றிவிட வேண்டுமானால், ஒளி ஒரு விநாடிக்கு எத்தனை முறை அதிர வேண்டும் என்பதே அந்த எண். கிட்டத்தட்ட 2,466 லட்சம் கோடி முறை! இதில் பிழை வெறும் 10 தான் இருக்கும் என்றார்கள். அதாவது எக்ஸெல் கை வைக்கும் இடத்தில்தான் விஞ்ஞானிகளின் சண்டையே நடக்கிறது.

நிறம் எப்படி எண்ணாகும்? ஒளியின் அதிர்வை யார் உட்கார்ந்து எண்ணுவது? இதற்கு முதலில் ஜெர்மனி வரை போக வேண்டாம். விருதுநகர் மாவட்டத்தைத் தாண்டாமலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

மருந்துக்குள் இருக்கும் நிறம்

சிவகாசிப் பக்கம் பட்டாசில் அடைக்கும் கலவையை மருந்து என்பார்கள். மத்தாப்பு சிவப்பாக எரிய வேண்டுமென்றால் மருந்தில் ஸ்ட்ரான்சியம் உப்பு இருக்க வேண்டும். மஞ்சளுக்கு சோடியம், நீலத்துக்குச் செம்பு, பச்சைக்குப் பேரியம். சாயம் கலந்து வரும் நிறம் அல்ல இது. சாயமாக இருந்தால் அந்தச் சூட்டில் முதல் நொடியிலேயே கருகிப் போயிருக்கும்.

அணுவுக்குள் இருக்கும் எலெக்ட்ரானை மாடிப்படியில் நிற்கும் பையனாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு படியில்தான் நிற்பான். இரண்டு படிகளுக்கு நடுவே அந்தரத்தில் நிற்க முடியாது. நெருப்பின் சூடு அவனை மேல் படிக்குத் தள்ளுகிறது. அவன் கீழே இறங்கும்போது, இறங்கிய உயரத்துக்குச் சரியான ஆற்றல் ஒளியாக வெளியே வருகிறது. அதிக உயரம் இறங்கினால் நீலம், ஊதா. குறைந்த உயரம் இறங்கினால் சிவப்பு. படிகளின் உயரம் ஒவ்வொரு தனிமத்துக்கும் வேறு வேறு. ஆகவே நிறம் என்பது அந்த அணுவின் கைரேகை மாதிரி.

உங்கள் வீட்டு அடுப்படியிலும் இது நடக்கிறது. சோறு பொங்கி வழிந்தால் நீலமாக எரியும் கேஸ் அடுப்பு சட்டென்று மஞ்சளாக எரியும், கவனித்திருப்பீர்கள். கஞ்சியில் இருக்கும் உப்பின் சோடியம்தான் காரணம். அந்த மஞ்சளின் அலைநீளம் 589 நானோமீட்டர். (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர்.) நுணுக்கமாகப் பார்த்தால் 589.0, 589.6 என ஒட்டிய இரட்டைக் கோடு. விருதுநகரில் உப்பு போட்டாலும் வியன்னாவில் போட்டாலும் இந்த எண் மாறாது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மத்தாப்பில் சோடியம் தனி அணுவாக நின்று ஒளிர்கிறது. அதனால் கோடு மெல்லியதாக வரும். ஸ்ட்ரான்சியம், பேரியம், செம்பு ஆகியவை பெரும்பாலும் குளோரின் போன்றவற்றுடன் சேர்ந்த மூலக்கூறாக நின்று ஒளிர்கின்றன. அதனால் அவற்றின் ஒளி கோடாக இல்லாமல் பட்டையாக இருக்கும்.

பழைய சி.டி.யைத் தூக்கிப் போடாதீர்கள்

இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும். வேண்டியது ஒரு பழைய சி.டி., ஒரு அட்டைப் பெட்டி, ஒரு வெப்கேமரா அல்லது மொபைல் கேமரா.

சி.டி.யைத் திருப்பிப் பிடித்தால் வானவில் தெரிகிறதல்லவா? அதில் டேட்டா எழுதப்பட்ட தடங்கள் 1.6 மைக்ரான் இடைவெளியில், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 625 வீதம் நெருக்கமாக ஓடுகின்றன. இந்த நெருக்கமான கோடுகள் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துவிடும். டி.வி.டி.யில் இடைவெளி 0.74 மைக்ரான்தான். எனவே அது இன்னும் அகலமாகப் பிரிக்கும்.

ஷூ பெட்டி அளவில் ஒரு பெட்டி எடுங்கள். ஒரு சிறு பக்கத்தில் பிளேடால் படுக்கைவாட்டில் ஒரு மெல்லிய கீறல் போடுங்கள். முடி நுழையும் அகலம் போதும். எதிர்ப்பக்கத்தில் சி.டி.யை, எழுத்து இல்லாத பக்கம் கீறலைப் பார்க்கும்படி, சுமார் 60 டிகிரி சாய்வாகச் செருகுங்கள். சி.டி.க்கு நேர் மேலே, பெட்டியின் மூடியில் கேமரா பார்க்க ஒரு ஓட்டை. வேறு எங்கும் வெளிச்சம் நுழையாமல் டேப் ஒட்டிவிடுங்கள். நிறமாலைமானி தயார்! செலவு ஒரு டேப்பின் விலைதான்.

கீறலை விளக்குப் பக்கம் திருப்பிப் பாருங்கள். எல்.இ.டி. பல்பு நீலத்திலிருந்து சிவப்பு வரை தொடர்ச்சியாகத் தெரியும். பரணில் பழைய சி.எஃப்.எல். பல்பு கிடந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். தனித்தனிக் கோடுகளாக வரும். நீலத்தில் உள்ள கோடு 436, பச்சையில் பளிச்சென்று இருப்பது 546. இரண்டும் பல்புக்குள் இருக்கும் பாதரச அணுவின் கோடுகள்.

அடுத்து ஒரு வேடிக்கை. பெயின்ட் புரோகிராமைத் திறந்து, ஸ்கிரீன் முழுக்க மஞ்சள் நிறத்தைக் கொட்டுங்கள். அதைப் பெட்டி வழியாகப் பாருங்கள். மஞ்சள் இருக்காது! பச்சை ஒரு பட்டை, சிவப்பு ஒரு பட்டை என்று பிரியும். சில எல்.இ.டி. திரைகளில் இரண்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தெரியலாம். மானிட்டருக்கு மஞ்சள் தெரியாது. சிவப்பையும் பச்சையையும் சேர்த்துக் கொளுத்தி நம் கண்ணை நம்ப வைக்கிறது. கேஸ் அடுப்பின் உப்பு மஞ்சளைப் பாருங்கள். பிரியாமல் ஒற்றைக் கோடாகவே நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள். சி.டி.க்கு இரண்டும் வேறு.

கோட்டின் அலைநீளத்தையும் நீங்களே கண்டுபிடிக்கலாம். சி.எஃப்.எல். படத்தை பெயின்டில் திறந்து, கோட்டின் மேல் மவுஸை வைத்தால் கீழே பிக்ஸல் எண் தெரியும். நீலக் கோடு 210ஆவது பிக்ஸலிலும், பச்சைக் கோடு 430ஆவது பிக்ஸலிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 220 பிக்ஸலுக்கு 110 நானோமீட்டர் என்றால், ஒரு பிக்ஸலுக்கு அரை நானோமீட்டர். கேமராவை அசைக்காமல் உப்புச் சுடரை எடுத்த படத்தில் மஞ்சள் கோடு 516ஆவது பிக்ஸலில் விழுந்தால்? 436 உடன் 306இல் பாதியைக் கூட்டுங்கள். 589! இந்தக் கணக்கைத் தானே செய்து தர தெரமினோ ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற இலவச விண்டோஸ் புரோகிராமும் இருக்கிறது. இருந்தாலும் முதல் முறை எக்ஸெலில் நாமே போட்டுப் பார்ப்பதில்தான் சுகம்.

எச்சரிக்கை: இந்தப் பெட்டியைச் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது. மத்தாப்பைப் படமெடுப்பதென்றால் பெரியவர் ஒருவர் தள்ளி நின்று கொளுத்தட்டும். நீங்கள் பாதுகாப்பான தூரத்தில் இருந்து எடுங்கள். பட்டாசைப் பிரித்து மருந்தைக் கொட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். எங்கள் பக்கம் அதன் விலை என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

பச்சை என்றால் பேரியமா?

இந்த வித்தியாசம் சிவகாசிக்கு வயிற்றுப்பாட்டு விஷயமாகவே ஆகிவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2021இல் அதை மீண்டும் உறுதி செய்தது. பேரியம் சேர்க்க அனுமதி கேட்ட உற்பத்தியாளர்களின் கோரிக்கையை 2023இல் ஏற்கவில்லை. (பசுமைப் பட்டாசில் பச்சை நிறம்தான் சிக்கல் என்பது விதியின் குறும்பு.)

பச்சை மத்தாப்பை மட்டும் விட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அங்குதான் சங்கடம். பேரியம் நைட்ரேட் நிறத்துக்கு மட்டும் பயன்பட்டது அல்ல. வெள்ளையாகப் பொறி பறக்கும் கம்பி மத்தாப்பில்கூட, மருந்து எரிய ஆக்சிஜன் கொடுக்கும் பொருளாக அதுவே இருந்தது. கண்ணுக்கு வெள்ளை, உள்ளே பேரியம். இன்னொரு பக்கம், பச்சையாக எரிவதெல்லாம் பேரியமும் அல்ல. போரிக் அமிலம் பச்சைச் சுடர் தரும். குளோரின் இல்லாத இடத்தில் செம்பும் பச்சையாக எரியும். ஆக, கண்ணை நம்பி ஒரு சரக்கைப் பிடிக்கவும் முடியாது, விடவும் முடியாது. ஓர் ஆலையின் வேலை நடப்பதும் நிற்பதும் இதில் தொங்கும்போது, நிறத்தை எண்ணாகப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆய்வகங்கள் மாதிரியைக் கடும் சூட்டில் தனித்தனி அணுக்களாக உடைத்து, பேரியம் அணுவுக்கு உரிய கோடு இருக்கிறதா என்று பார்க்கும் முறை இருக்கிறது. 553.5 நானோமீட்டரில் உள்ள கோடு அவற்றில் ஒன்று. கோடு இருந்தால் பேரியம் இருக்கிறது.

ஹைட்ரஜனுக்கு வருவோம்

தனிமங்களிலேயே எளியது ஹைட்ரஜன். ஒரு புரோட்டான், ஒரு எலெக்ட்ரான், முடிந்தது. அதன் சிவப்புக் கோடு 656.3 நானோமீட்டர். இந்தக் கோட்டை நம் ஊர்ப் பக்கமே நூறு வருடங்களுக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். சிவகாசியிலிருந்து மதுரை, வத்தலக்குண்டு வழியாக மலை ஏறினால் வரும் கொடைக்கானலில் 1899இல் சூரிய ஆய்வகம் அமைத்தார்கள். அங்கே 1912 முதல் ஹைட்ரஜனின் இந்தச் சிவப்பு ஒளியில் மட்டும் சூரியனைப் படம் எடுத்துவந்தார்கள். அந்தக் கண்ணாடித் தகட்டுப் படங்களை டிஜிட்டல் ஆக்கி இணையத்தில் வைத்திருக்கிறது, ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம். தாத்தா பிறந்த வருடத்துச் சூரியனைத் தேடிப் பார்க்கலாம்.

ஹைட்ரஜனுக்குக் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் முக்கியமாக நான்கு. 656, 486, 434, 410. இவற்றுக்குள் ஒரு கணக்கு இருப்பதை 1885இல் கண்டுபிடித்தவர் பெரிய விஞ்ஞானி அல்ல. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்த பால்மர் என்ற அறுபது வயது வாத்தியார். அவர் கணக்கை நீங்களும் போடலாம். எக்ஸெலில் ஏ1 முதல் ஏ4 வரை 3, 4, 5, 6 என டைப் செய்யுங்கள். பி1 செல்லில் =364.56*ஏ1*ஏ1/(ஏ1*ஏ1-4) என அமைத்து (ஏ1 என்பதை ஆங்கில எழுத்தில் தர வேண்டும்) கீழே இழுத்துவிடுங்கள். நான்கு கோடுகளும் வரிசையாக வந்து நிற்கும். ஏன் வருகிறது என்று பால்மருக்குத் தெரியாது. 1913இல் நீல்ஸ் போர்தான் மேலே சொன்ன மாடிப்படிக் கதையால் அதை விளக்கினார்.

இந்த நான்கும் மேலிருந்து இரண்டாம் படிக்கு இறங்குவதால் வருபவை. முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவே உள்ள உயரம்தான் மிகப் பெரியது. அதை ஏற 121.6 நானோமீட்டர் ஒளி வேண்டும். நம் கண் 400க்குக் கீழே பார்க்காது. 121.6 என்பது புற ஊதாவிலும் கடைக்கோடி. காற்றே அதைக் குடித்துவிடும்.

இவ்வளவு தொல்லை பிடித்த இடத்தை எதற்கு அளக்க வேண்டும்? காரணம் இருக்கிறது. இரண்டாம் படியில் ஏறி நிற்கும் எலெக்ட்ரான் வழக்கமாக ஒரு விநாடியில் நூறு கோடியில் ஓரிரு பங்கு நேரம்கூட நிற்காமல் விழுந்துவிடும். ஆனால் இரண்டாம் படியிலேயே 2எஸ் என்று ஒரு மூலை உண்டு. அங்கே போனால் சுமார் எட்டில் ஒரு விநாடி நிற்கிறது. அணு உலகத்தில் அது ஒரு யுகம். எவ்வளவு நேரம் நிற்கிறதோ, அவ்வளவு மெல்லியது கோடு. கோடு மெல்லியதாக இருந்தால்தான் 16ஆவது இலக்கம் வரை படிக்க முடியும்.

ஹார்ன் சத்தமும் ஓடும் அணுவும்

விருதுநகர் நான்கு வழிச் சாலையோரம் நின்று பாருங்கள். நம்மை நோக்கி வரும் பஸ்ஸின் ஏர் ஹார்ன் கீச்சென்று கேட்கும். தாண்டிப் போனதும் அதே ஹார்ன் கனத்துக் கேட்கும். ஒளிக்கும் இதே கதைதான். சாதாரண வெப்பத்தில் ஹைட்ரஜன் அணு விநாடிக்கு 2.5 கிலோமீட்டர் வேகத்தில் திசைக்கு ஒன்றாகப் பறக்கிறது. அதனால் ஒவ்வோர் அணுவும் ஒளியைக் கொஞ்சம் வேறு நிறமாகப் பார்க்கும். குழப்பத்தின் அளவு சுமார் 2,000 கோடி ஹெர்ட்ஸ். நமக்கு வேண்டியதோ 10 ஹெர்ட்ஸ்!

இதைத் தீர்த்த யோசனையைப் பார்த்தால், நல்ல புரோகிராமரின் மூளை மாதிரி இருக்கும். படியை ஒரே தாவாகத் தாவ வைக்காதே, இரண்டு பேராகத் தூக்கிவிடு. 121.6க்குப் பதில், அதில் பாதி ஆற்றல் உள்ள 243 நானோமீட்டர் ஒளித்துகள் இரண்டு. ஒன்று முன்னாலிருந்து, ஒன்று பின்னாலிருந்து. அணு ஓடினால் முன்னால் வருவது எவ்வளவு கூடித் தெரிகிறதோ, பின்னால் வருவது அவ்வளவு குறைந்து தெரியும். கூட்டினால் வேகம் அடிபட்டுப் போகும். சோவியத் ஆய்வாளர்கள் 1970இல் முன்வைத்த இந்த யோசனையை, 1975இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தியோடர் ஹான்ஷ் குழுவினர் ஹைட்ரஜனில் செய்து காட்டினார்கள். ஹான்ஷ் பிறகு கார்ச்சிங் வந்து அதே ஒரு கோட்டைப் பல வருடங்கள் துரத்தினார்.

243 என்பது நமக்கு அந்நியமான இடம் அல்ல. டியூப் லைட்டுக்குள் பாதரசம் வெளியிடும் 254 நானோமீட்டர் ஒளி இதன் பக்கத்து வீடு. குழாயின் உள்ளே பூசிய வெள்ளைப் பவுடர்தான் அதை நாம் பார்க்கும் ஒளியாக மாற்றுகிறது. யு.வி. வாட்டர் பியூரிஃபையரில் கிருமியைக் கொல்வதும் அதே 254தான். (அந்த விளக்கைக் கழற்றி எரியவிட்டுப் பார்க்காதீர்கள். கண் கெடும்.)

ஆனால் கடையில் 243 நானோமீட்டர் லேசர் கேட்டால் கிடைக்காது. சி.டி. டிரைவின் லேசர் 780, டி.வி.டி. 650, புளூ ரே 405. அதற்குக் கீழே போக ஒரு தந்திரம் வேண்டும். சில படிகங்களுக்குள் வலுவான லேசரை அனுப்பினால் அலைநீளம் சரிபாதியாகி வெளியே வரும். கடையில் விற்கும் பச்சை லேசர் பாயின்டர் பலவற்றில், கண்ணுக்குத் தெரியாத 1064 இப்படித்தான் 532 பச்சையாகிறது. கார்ச்சிங்கில் இதை இரண்டு முறை செய்தார்கள். 972 ஐப் பாதியாக்கினால் 486. அதையும் பாதியாக்கினால் 243. நடுவில் வந்த 486 ஐ எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? பால்மர் பட்டியலில் இரண்டாவது கோடு! ஹைட்ரஜனின் படிக்கணக்கில் முதல் படியின் உயரம், அந்தக் கோட்டுக்கான உயரத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. அதனால் வந்த பொருத்தம்.

2,466 லட்சம் கோடியை எண்ணுவது

உங்கள் பிராசசர் 3 கிகாஹெர்ட்ஸ் என்றால், விநாடிக்கு 300 கோடி துடிப்பு. நம் எண் அதைப் போல எட்டு லட்சம் மடங்குக்கு மேல். எந்த எலெக்ட்ரானிக் சர்க்யூட்டும் இதை நேராக எண்ணாது.

இங்கேதான் 'அதிர்வெண் சீப்பு' வந்தது. மிகச் சிறு துடிப்புகளாக, சீரான இடைவெளியில் அடிக்கும் லேசர் இது. இதன் ஒளியைப் பிரித்தால் சீப்பின் பற்கள் போலச் சம இடைவெளியில் ஆயிரக்கணக்கான நிறங்கள் வரிசையாக நிற்கும். பல்லுக்குப் பல் இடைவெளி ரேடியோ அலை அளவுதான். அதை எலெக்ட்ரானிக் கருவி சுலபமாக எண்ணும். இடைவெளி 25 கோடி ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 972 லேசரின் அதிர்வு நம் எண்ணில் சரியாக எட்டில் ஒரு பங்கு (இரண்டு முறை இரட்டிப்பு, பிறகு இரண்டு ஒளித்துகள்). அது சீப்பில் பன்னிரண்டு லட்சத்துச் சொச்சமாவது பல்லுக்கு அருகே விழும். பல்லின் எண்ணை இடைவெளியால் பெருக்கி, மிச்ச வித்தியாசத்தைக் கூட்டினால் தீர்ந்தது. ஒளியின் கணக்கு வெறும் பெருக்கல் கணக்காகிவிட்டது. இதற்காக 2005இல் ஹான்ஷும் அமெரிக்காவின் ஜான் ஹாலும் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

விநாடிக்கு என்று சொல்ல ஒரு கடிகாரம் வேண்டுமே? சீசியம் அணு 9192631770 முறை அதிரும் நேரமே ஒரு விநாடி என்பது உலக ஒப்பந்தம். 2013இல் வெளிவந்த அளவீட்டில் கடிகாரம் அதே ஊரில்கூட இல்லை. ப்ரவுன்ஷ்வைக் நகரில் இருந்த கடிகாரத்தை 920 கிலோமீட்டர் ஆப்டிகல் ஃபைபர் வழியாக இணைத்துக்கொண்டார்கள். நம் வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் அதே மாதிரி ஃபைபர். சென்னையிலிருந்து விருதுநகர் போய்த் திரும்பும் தூரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அப்போது வந்த எண் 2466061413187018. பிழை 11. இதையும் எக்ஸெலில் 2011இன் எண்ணுக்குக் கீழே தட்டி, கழித்துப் பாருங்கள். 20 என்று சொல்லும். உண்மை விடை 17. விண்டோஸ் கால்குலேட்டரில் போட்டால் சரியாக வரும், அது 32 இலக்கங்கள் வரை தாங்கும். எக்ஸெலிலேயே செய்ய வேண்டுமென்றால் எண்ணை இரண்டு செல்லாகப் பிரியுங்கள். முதல் 10 இலக்கங்கள் மெகாஹெர்ட்ஸ், கடைசி 6 இலக்கங்கள் ஹெர்ட்ஸ். 187035இலிருந்து 187018 போனால் 17. பிழை 10, 11 என்று இருக்கையில் 17 பெரிய முரண்பாடு அல்ல. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை ஒரு மில்லிமீட்டருக்குள் அளந்த மாதிரி துல்லியம் இது.

இவ்வளவு பாடு எதற்கு?

எலெக்ட்ரான் அவ்வப்போது புரோட்டானுக்குள்ளேயே புகுந்து வருகிறது. உள்ளே இருக்கும்போது இழுவிசை கொஞ்சம் குறையும். அதனால் முதல் படி லேசாக உயரும். நம் 16 இலக்க எண்ணில் இதன் பங்கு சுமார் 10 லட்சம் ஹெர்ட்ஸ். ஆகவே எண்ணைத் துல்லியமாக அளந்தால், யாரும் பார்க்க முடியாத புரோட்டானின் அளவு கிடைக்கும். ஒரு சிக்கல், ஹைட்ரஜனின் ரிட்பெர்க் மாறிலியும் இதே சமன்பாட்டில் இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்குதான். தெரியாதவை இரண்டு என்றால் சமன்பாடும் இரண்டு வேண்டும். அதனால் ஹைட்ரஜனின் இன்னொரு கோட்டையும் அளக்க வேண்டும்.

இப்படிக் கிடைத்த அளவு சுமார் 0.88 ஃபெம்டோமீட்டர். (மில்லிமீட்டரை ஒரு லட்சம் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு, ஒரு ஃபெம்டோமீட்டர்.) 2010இல் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வு நிலையத்தில், எலெக்ட்ரானுக்குப் பதில் அதைவிட 200 மடங்கு கனமான மியூவானைப் புரோட்டானைச் சுற்றவிட்டு, லேசரால் அளந்தார்கள். வந்தது 0.84. நாலு சதவீதம் குறைவு! நாலு சதவீதம்தானே என்று விட முடியாது. அவர்கள் சொன்ன பிழை எல்லையை விட இது மிக மிகப் பெரியது. ஒன்று, யாரோ தப்பாக அளந்திருக்கிறார்கள். அல்லது, அணுவைப் பற்றிய அடிப்படைக் கோட்பாட்டிலேயே ஓட்டை இருக்கிறது.

2017இல் கார்ச்சிங் சாதாரண ஹைட்ரஜனின் வேறொரு கோட்டை அளந்து, சிறிய அளவுதான் சரி என்றது. 2018இல் பாரிஸ் குழு, 205 நானோமீட்டர் புற ஊதா லேசரால் முதல் படியிலிருந்து மூன்றாம் படியை அளந்து, இல்லை, பெரியதுதான் என்றது. 2019இல் டொரான்டோவின் யார்க் பல்கலைக்கழகம் சிறியது என்றது. 2020இல் கார்ச்சிங் குழு, பாரிஸ் அளந்த அதே கோட்டைச் சீப்பு லேசரால் அளந்து 0.848 என்றது. சர்வதேச மாறிலிப் பட்டியல் 2018 பதிப்பிலேயே 0.8414க்கு மாறிவிட்டது. பழைய அளவீடுகளில் பிழையைக் குறைத்து மதிப்பிட்டிருக்கலாம் என்பதே பெரும்பாலானோர் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆனால் பாரிஸ் அளவு எங்கே வழுக்கியது என்பதை யாராவது காட்டினால்தான் மனம் ஆறும்.

அதே 243 நானோமீட்டர் ஒளி ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலும் வேலை செய்கிறது. அங்கே எதிர் ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள். எதிர் மின்னூட்டம் கொண்ட புரோட்டானை, நேர் மின்னூட்டம் கொண்ட எலெக்ட்ரான் சுற்றும் அணு. இதுவும் ஹைட்ரஜனும் எல்லா நிறத்திலும் ஒத்துப்போக வேண்டும் என்கிறது கோட்பாடு. ஓர் இலக்கம் மாறினாலும், பிரபஞ்சத்தில் பொருள் மட்டும் மிஞ்சி எதிர்ப்பொருள் எங்கே போனது என்ற கேள்விக்கு ஒரு நூல் கிடைக்கும். 2016இல் முதல் முறையாக அந்த அணுவை 243 ஒளியால் அடுத்த படிக்கு ஏற்றினார்கள். 2018இல் வந்த அளவு, ஒரு லட்சம் கோடியில் இரண்டு பங்கு துல்லியத்துக்கு ஹைட்ரஜனோடு ஒத்துப்போனது. நம் 16 இலக்க எண்ணோடு ஒப்பிட்டால், அந்த அளவீட்டுக்கு இன்னும் மூன்று இலக்கங்கள் பாக்கி.